‘நியாயமான சந்தேகம்’: ஜூரிக்குச் சொன்ன விளக்கம் சரியா என்று மேல்முறையீட்டில் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணமானால்தான் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஜூரிக்கு விளக்குவது நீதிபதி. அங்குள்ள மரண தண்டனைத் தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கிய புதிதில் இரண்டு வழக்குகள் என்னைப் பாடாய்ப் படுத்தின. கேஜ் எதிர் லூசியானாவில் (1990) நீதிபதி ஜூரிக்குச் சொன்ன விளக்கம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். விக்டர் எதிர் நெப்ராஸ்காவில் (1994) கிட்டத்தட்ட அதே சொற்கள், ஆனால் செல்லும் என்றது.

முதலில் விளக்கத்தின் முழு வாசகத்தை எடுங்கள். தீர்ப்பின் தலைமாட்டில் இருக்கும் சுருக்கத்தை நம்பாதீர்கள், அது தீர்ப்பில் சேராது. ஜஸ்டியா தளத்தில் எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, பென்சிலோடு உட்காருங்கள். திரையில் மஞ்சள் பூசுவது எனக்குச் சரிப்படவில்லை.

அப்புறம் உறுத்துகிற சொற்களுக்குக் கீழே கோடு. கேஜில் மூன்று: ‘கடுமையான நிச்சயமின்மை’, ‘கணிசமான சந்தேகம்’, ‘தார்மிக உறுதி’ (சாட்சியத்தை விட்டு மனத்தளவில் வரும் உறுதி). அவ்வளவு பெரிய சந்தேகம் இருந்தால்தான் விடுவிக்கலாம் என்று ஜூரி நினைத்தால், அரசுத் தரப்பின் சுமை குறைந்துவிடும்.

கோடு போட்டதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அக்கம்பக்கம் பாருங்கள். விக்டரிலும் ‘கணிசமான சந்தேகம்’ உண்டு. ஆனால் அதே வாக்கியத்திலேயே, வெறும் சாத்தியம், கற்பனை, மனம்போன ஊகம் இவற்றிலிருந்து வேறுபட்டது என்றும் இருக்கிறது. அதனால் ‘கணிசமான’ என்பதற்கு அங்கே ‘பெரிய’ என்று பொருள் இல்லை, ‘நிஜமாகவே இருக்கிற’ என்றுதான் பொருள். ‘தார்மிக உறுதி’ என்ற சொல் நீதிபதிகளுக்கே பிடிக்கவில்லை. சுற்றியிருந்த வாசகம்தான் அதைக் காப்பாற்றியது.

நான் சறுக்கியது வேறிடத்தில். ஜூரி தவறாகப் புரிந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டது கேஜ். 1991-ல் எஸ்டெல் எதிர் மக்வையர் அதைத் திருத்தியது: ஜூரி அப்படித் தவறாகவே எடுத்துக்கொண்டு முடிவெடுத்ததற்கு நியாயமான வாய்ப்பு உண்டா? நான் பழைய கேள்வியை வைத்துக்கொண்டு விக்டரைப் படித்தேன். ஒவ்வொரு வரியும் பிழையாகத் தெரிந்தது! ‘முடியுமா’ என்று கேட்டால் எந்த வாசகம்தான் தப்பும்? உங்கள் காகிதத்தின் மேல் ஓரத்தில் புதிய கேள்வியை எழுதிவைத்துவிட்டுப் படியுங்கள்.

பிழை உறுதியானால், “சாட்சியம் பலமாக இருந்தது, பாதிப்பில்லை” என்று அரசுத் தரப்பு தப்பிக்க முடியாது. சலிவன் எதிர் லூசியானாவில் (1993) நீதிபதி ஸ்காலியா எழுதிய ஒருமனதான தீர்ப்பு இது. விளக்கமே தவறென்றால், சந்தேகத்துக்கு இடமில்லாத குற்றத் தீர்ப்பு என்ற ஒன்றே அங்கே இல்லை. இல்லாத தீர்ப்பைப் பிழை பாதித்ததா என்று எப்படி எடைபோடுவது?

பின்சேர்க்கை: பழைய வழக்குகளுக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மனு எந்தச் சுற்றில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நேரடி மேல்முறையீடு என்றால் மேலே சொன்னது அப்படியே. கூட்டாட்சி நீதிமன்றத்தில் இரண்டாவது ஆட்கொணர்வு மனு (சிறையில் வைத்திருப்பதே சட்டத்துக்குப் புறம்பு என்று கைதி போடும் மனு) என்றால், டைலர் எதிர் கெய்ன் (2001) கதவைச் சாத்திவிட்டது: கேஜ் விதி பழைய வழக்குகளுக்கும் முன்தேதியிட்டுப் பொருந்துவதாக உச்ச நீதிமன்றம் அறிவித்ததில்லை என்று 5-4 பெரும்பான்மையில் தீர்ப்பு.