முதல் பாட்டை வெளியிடப் போகிறீர்களா? நாலு வாரத்துக்கு முன்னாலேயே வேலையை ஆரம்பியுங்கள்

என் முதல் பாட்டுக்கு மிக்ஸிங் மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் உட்கார்ந்து, குரலுக்குக் கொஞ்சம் எக்கோ வேண்டுமா வேண்டாமா என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேசியிருக்கிறோம். அதே பாட்டைக் கேட்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான் ஒதுக்கியது இரண்டே நாள். புதன்கிழமை ஏற்றினேன், வெள்ளிக்கிழமை வெளியானது, சனி ஞாயிறு நண்பர்களும் சித்தி, பெரியப்பா வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், திங்கட்கிழமையோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொன்ன முகம் தெரியாத சிலருக்குக்கூட என் அடுத்த பாட்டு வந்தது தெரியாது. அவர்களைத் திரும்பக் கூப்பிட என்னிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

ஒரு தடவை கேட்டவர் மறுபடியும் வர என்னென்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது, கையில் ஒரு பாட்டும் ஒரு போனும்தான் இருக்கிறது என்பவர்களுக்காக.

முதல் வேலை: பெயர்

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் சிக்கலே. ‘காற்று’ என்று பெயரில் வந்தால் ‘ஏ’ ஒன்றா இரண்டா? ழகரம் வந்தால் சிலர் ‘இசட் எச்’ போட்டுத் தேடுவார்கள், சிலர் ‘எல்’ போட்டுத் தேடுவார்கள். நாலு நண்பர்களுக்குப் போன் போட்டுப் பெயரை வாயால் சொல்லி, அவர்களையே டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதிகம் பேர் எழுதியது எதுவோ அதுதான் உங்கள் எழுத்துக்கூட்டல். அந்தப் பெயரில் வேறு யாராவது ஏற்கெனவே இருக்கிறார்களா என்று ஸ்பாட்டிஃபை, யூட்யூப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். என் இரண்டாவது பாட்டை ஏற்றும்போது ஒரு எழுத்து விட்டுப்போய், எனக்கு இரண்டு கலைஞர் பக்கம் உருவாகி, அதைச் சேர்த்துவைக்கப் பல வாரம் ஆனது.

இரண்டாவது: நாலு வாரத்துக்கு முன் ஏற்றுவது

ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் நம்மிடமிருந்து நேரடியாகப் பாட்டு வாங்குவதில்லை, நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்றவை அப்படிப்பட்டவை. சிலர் வருடச் சந்தா வாங்குவார்கள், சிலர் பாட்டுக்கு ஒருமுறை கட்டணம், சிலர் வருமானத்தில் பங்கு. சேருவதற்கு முன், பணம் கட்டுவதை நிறுத்தினால் என் பாட்டு என்னவாகும் என்பதை அவர்கள் விதிமுறையில் தேடிப் படித்துவிடுங்கள். சில இடங்களில் சந்தா முடிந்ததும் பாட்டை எடுத்துவிடுவார்கள்.

கையில் தயாராக இருக்கவேண்டியவை: வேவ் வடிவத்தில் ஒலிக்கோப்பு (வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 வேண்டவே வேண்டாம்), 3000க்கு 3000 பிக்சலில் சதுரமான அட்டைப்படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர் முழுப் பெயர்கள். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம் கொடுப்பார்கள். அதை எழுதி வையுங்கள். பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய எண்ணிக்கை கூடவே வரும்.

நாலு வாரம் எதற்கு என்றால், ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்ற இலவசக் கணக்கிலிருந்து, இன்னும் வெளிவராத பாட்டை அவர்களுடைய பிளேலிஸ்ட் குழுவின் பார்வைக்கு அனுப்பலாம். வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னால் அனுப்பிவிட்டால், அவர்கள் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு ஸ்பாட்டிஃபை புதுப் பாட்டுகளைக் காட்டும் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் பாட்டு போய் உட்காரும். நான் புதன்கிழமை ஏற்றியதால் இழந்தது இதைத்தான். அனுப்பும்போது ‘மனதை உருக்கும் மெலடி’ என்றெல்லாம் எழுதாமல், என்ன வாத்தியம், எந்த மாதிரிப் பாட்டு, எந்த ஊர், யாருக்காக எழுதியது என்று நேராக எழுதுங்கள்.

யூட்யூபிலும் ஒரு வேலை இருக்கிறது. விநியோகம் ஆனதும் உங்கள் பெயருக்குப் பின்னால் ‘டாபிக்’ என்று ஒட்டிக்கொண்டு ஒரு சேனல் தானாக முளைக்கும். அதையும் உங்கள் சொந்தச் சேனலையும் ஒன்றாக்க, ‘அஃபீஷியல் ஆர்ட்டிஸ்ட் சேனல்’ வேண்டும் என்று விநியோக நிறுவனத்திடம் கேளுங்கள்.

மூன்றாவது: சின்ன வீடியோக்கள்

இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள். டிக்டாக் 2020 ஜூனிலேயே இங்கே தடையாகிவிட்டதால், நமக்கு இருப்பது இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூட்யூப் ஷார்ட்ஸும். ‘விரைவில்’ என்று போஸ்டர் போட்டால் உங்கள் நண்பர்கள் மட்டும் இதயம் போடுவார்கள். தெரியாத ஒருவர் நிற்கவேண்டுமென்றால் முதல் மூன்று நொடிக்குள் பாட்டு கேட்கவேண்டும், அதுவும் பாட்டின் மிக நல்ல வரி. முன்னிசையை வெட்டுங்கள், வலிக்கும், பரவாயில்லை.

படம் பிடிக்க எல்லோரும் முதலில் ஓடுவது பெசன்ட் நகர் பீச்சுக்கு. அங்கே காற்று போனின் மைக்கை நிரப்பிவிடும், பாட்டு சுத்தமாகக் கேட்காது. வீட்டில் விசிறியை நிறுத்திவிட்டு ஒலியை முதலில் பதிவுசெய்து, பீச்சில் வாயசைத்துப் படம் எடுத்து, பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, விடியற்காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டு மொட்டைமாடி. வெளிச்சம் நன்றாக இருக்கும், ஹார்ன் சத்தம் குறைவு. பாடல் வரிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள், பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம். ஒரே பாட்டிலிருந்து எட்டு வீடியோ வரும்: வரி பிறந்த கதை, கிடாரை மட்டும் வைத்துப் பாடியது, தப்பாகப் பாடிய டேக், டிரம்மர் நண்பர் முதல்முறை கேட்டபோது அவர் முகம். எட்டில் ஏழு ஓடாது. ஓடுகிற அந்த ஒன்று எது என்று முன்கூட்டி யாராலும் சொல்லமுடியாது, அதனால்தான் எட்டு.

ஒரு நுணுக்கம்: ஷார்ட்ஸின் விவரத்தில் இணைப்பு போட்டால் அதை யாராலும் அமுக்கமுடியாது. ‘தொடர்புடைய வீடியோ’ என்ற இடத்தில் முழுப் பாட்டைச் சேருங்கள். அதுதான் முகம் தெரியாத ஒருவரை முழுப் பாட்டுக்கு அழைத்துவரும்.

சினிமாப் பாட்டை உங்கள் குரலில் கவர் பாடினால் ஆள் வருவார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் வருவது அந்தப் படத்துக்காக, அப்புறம் பாட்டு யாருடையது என்று தானாகத் தேடும் யூட்யூபின் ‘கன்டென்ட் ஐடி’ ஏற்பாடு உரிமையாளரைக் கண்டுபிடித்துவிட்டால் விளம்பர வருமானம் அந்த உரிமையாளருக்குத்தான் போகும். எனக்குப் பிடித்த மாற்றுவழி, பாரதி. அவர் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரிக்கு உங்கள் சொந்த மெட்டைப் போட்டால், தெரிந்த வரி என்று நிற்பவர் உங்கள் இசைக்காக இருப்பார். ஏற்கெனவே படத்தில் வந்த மெட்டை மட்டும் எடுக்காதீர்கள், அந்த மெட்டு இன்னொருவருடையது.

நான்காவது: உங்கள் கையில் இருக்கும் பட்டியல்

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். ஆயிரம் ஃபாலோயர் இருந்தாலும் நீங்கள் போடுவதை யாருக்குக் காட்டுவது என்பதை அந்தச் செயலிதான் முடிவு செய்கிறது. உங்கள் போனில் இருக்கும் எண்ணுக்கு அனுப்பினால் போய்ச் சேரும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போகும். அதனால் ஓபன் மைக்கிலோ (யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடும் நிகழ்ச்சி) கல்லூரி விழாவிலோ பாடி முடித்ததும், “அடுத்த பாட்டை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன், என் எண்ணைச் சேமித்துவைத்து ஒரு ஹலோ அனுப்புங்கள்” என்று மேடையிலேயே சொல்லுங்கள். டீக்கடையில் ஜிபே அட்டை வைத்திருப்பதுபோல ஒரு கியூஆர் அட்டையை மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் வேலை சுலபம். எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப் சேனல் இருக்கிறது. அபார்ட்மென்ட் குரூப்பிலும் பழைய பள்ளிக்கூட குரூப்பிலும் இணைப்பை வீசிவிட்டுப் போவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள், கேட்காதவரிடம் திணித்தால் அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார்.

மாதத்துக்கு ஒரு செய்தி போதும். பதில் வந்தால் நீங்களே பதில் எழுதுங்கள், வெறும் நன்றி ஸ்மைலி வேண்டாம். எந்த வரி பிடித்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்பட்டால்தான் (ஒருமுறை கேட்பதை ஒரு ஸ்ட்ரீம் என்பார்கள்) அதற்குப் பங்கு கணக்கிடுகிறார்கள். யூட்யூபில் விளம்பர வருமானம் வர 1000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்தில் 4000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். ஆகவே முதல் வருடம் இதை வருமானமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்த எண்களைப் பார்த்துப் பயந்துதான் சிலர் “ஐயாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம்” என்று மெசேஜ் அனுப்புகிறவர்களிடம் பணம் கொடுக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் கொடுத்தார், பொய்யான ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்துப் பாட்டையே எடுத்துவிட்டார்கள், உண்மையாகக் கேட்டவர்களின் எண்ணிக்கையும் அதோடு போனது. சொந்தமாக எழுதி இசையமைப்பவர்கள் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிவிடுங்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம் அது, 1969இலிருந்து இருக்கிறது.

வெளியான பிறகு

மொத்த எண்ணிக்கையை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்காதீர்கள். எத்தனை பேர் பாட்டைச் சேமித்தார்கள், யூட்யூபில் திரும்ப வந்தவர்கள் எத்தனை, எந்த நொடியில் விட்டுப்போனார்கள், இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஊர்ப் பட்டியல். சென்னைப் பாட்டுக்குக் கோலாலம்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆள் இருப்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மலேசியா நமக்கு இரண்டரை மணிநேரம் முன்னால், இங்கே ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் அங்கே தூங்கியிருப்பார்கள். இப்போதெல்லாம் நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுகிறேன், அங்கே எட்டரை, டொராண்டோவில் காலை. முதல் ஒரு மணிநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் எழுதுகிறேன், கமெண்ட் போட்டவரின் பெயரை ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். அடுத்த பாட்டின் முதல் டெமோ அவர்களுக்குத்தான் போகும்.