பிரஸ்ஸில் விரல் போனால்: முதல் நாள் சீட்டிலிருந்து இழப்பீடு வரை

பவர் பிரஸ்ஸில் (தகட்டை அமுக்கி வெட்டும், வளைக்கும் மெஷின்) விரல் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதும் டூட்டி டாக்டர் கேட்பது, "எப்படி அடிபட்டது?" பதில் கேஸ் ஷீட்டில் ஒரே வரியாக ஏறும். பின்னால் வருகிற ஒவ்வொரு அதிகாரியும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார். கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு "வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சு" என்று சொல்வது அடிக்கடி நடக்கும். கம்பெனி செலவைப் பார்த்துக்கொள்ளும், போலீஸ் தொல்லை வேண்டாம் என்பார். நம்பாதீர்கள். "இன்ன கம்பெனியில், இன்ன மணிக்கு, பிரஸ் ஓட்டும்போது" என்று நீங்களே சொல்லுங்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் வீட்டாள் சொல்லட்டும். அரசு மருத்துவமனை என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேளுங்கள். தனியார் என்றால் காயச் சான்றும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்குங்கள். தவறாக எழுதியிருந்தால் அட்மிட் ஆகியிருக்கும்போதே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் திருத்துவது குதிரைக்கொம்பு.

அடுத்தது எக்ஸ்ரே. இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் காய அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 14%. இரண்டு கணு போனால் 11%, ஒரு கணு போனால் 9%. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டால் 5%தான். ஆகவே 5-ஆ 9-ஆ என்பதை எலும்பு போயிருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. அதைக் காட்டுவது ஆபரேஷனுக்கு முந்தைய படமும் பிந்தைய படமும். இரண்டையும் ஃபிலிமாகவோ சிடியாகவோ கையில் வைத்திருங்கள். விரல் ஒட்டியிருந்தும் மடங்காமல் மரக்கட்டையாகிவிட்டதா? பயன்பாடு முழுதுமாக, நிரந்தரமாகப் போனால் விரலே போனதற்குச் சமம் என்கிறது அதே அட்டவணை.

பணம் எங்கிருந்து வரும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் இ.எஸ்.ஐ.க்குள் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்தால் உங்கள் வழி இ.எஸ்.ஐ. வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. கம்பெனி விபத்துப் புத்தகத்தில் பதிந்து, படிவம் 12-ல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினேன் என்று வாயால் சொன்னால் போதாது, நகல் கேளுங்கள். தரவில்லையா, நீங்களே தேதி, நேரம், மெஷின், பார்த்தவர் பெயர் எழுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள்.

விபத்து நாளைத் தவிர்த்து குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் சராசரி தினக்கூலியில் 90% வரும். இ.எஸ்.ஐ. டாக்டர் கடைசிச் சான்று தரும்வரை தொடரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "சும்மா வந்து உட்காரு, அட்டெண்டன்ஸ் போட்டுக்கறேன்" என்று கூப்பிடுவார்கள். போனால் அந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது. சான்றுகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அந்த நாளின் பணம் சிக்கும்.

கடைசிச் சான்று வந்ததும், இழப்புச் சதவீதத்தை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள், தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். கணக்கு இப்படி: தினக்கூலி 500 என்றால் 90% என்பது 450. அதில் 14% ஆன 63 ரூபாய், நாளொன்றுக்கு, ஆயுள் முழுக்க. 9% என்றால் 40.50, 5% என்றால் 22.50. போர்டு குறைத்துப் போட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு இழப்பீட்டு வழி. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. மாதச் சம்பளத்தில் 60%-ஐ வயதுக்கான காரணியால் பெருக்கி, இழப்புச் சதவீதத்தால் பெருக்குவார்கள். 30 வயது, சம்பளம் 12,000 என்றால் 7,200 × 207.98 = 14,97,456. அதில் 14% கிட்டத்தட்ட 2,09,644 ரூபாய். 5% என்றால் 74,873. அந்த எக்ஸ்ரே எவ்வளவு பெறும் என்று இப்போது தெரியும். தமிழ்நாட்டில் மனு தொழிலாளர் துணை ஆணையரிடம் போகும். காலம் கடத்தாதீர்கள். முதலாளி உரிய காலத்தில் கட்டாவிட்டால் 12% வட்டியும், நியாயமான காரணம் இல்லை என்றால் 50% வரை அபராதமும் சேரும். ஒரே விபத்துக்கு இ.எஸ்.ஐ.யும் இதுவும் சேர்ந்து கிடைக்காது.

அட்டவணையில் இல்லாத காயமென்றால் டாக்டரின் மதிப்பீடுதான் அடிப்படை. மாற்றுத்திறனாளிச் சான்றில் போடும் சதவீதம் உடல் குறைபாட்டைச் சொல்கிறது, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. இடது கை முழங்கைக்கு மேலே போன தச்சர் ஒருவருக்கு, தச்சு வேலையே இனி முடியாது என்பதால், 100% இழப்பு என்று கொண்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆகவே மனுவில் "கை வலிக்கிறது" என்று எழுதாமல், எந்த வேலையை இனி செய்ய முடியாது என்று எழுதுங்கள்: டை (பிரஸ்ஸின் அச்சு) மாற்ற முடியாது, ஸ்பேனர் பிடிக்காது, 10 கிலோ தட்டைத் தூக்க முடியாது.

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஸ்டாம்ப் பேப்பர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனாலும் அந்தத் தாள் வழக்கை வருடக்கணக்கில் இழுக்கும்.

எதிர்த்தரப்பு வைக்கும் வழக்கமான வாதம், "கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புத் தடுப்பு) அவனேதான் கழற்றினான்." வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியைக் கழற்றியது நிரூபணமானால் இழப்பீட்டு வழியில் பணம் மறுக்கப்படலாம். மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்த வாதம் எடுபடாது. பல ஷாப்புகளில் கார்டு கழன்று மூலையில் கிடப்பது உற்பத்தி எண்ணிக்கைக்காக. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் ஓட வேண்டிய இருகைப் பட்டனில் ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருப்பதும் அதற்காகத்தான். அடிபட்ட அன்றே கூடவேலை செய்பவரிடம் மெஷினைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் கார்டு பளபளவென்று மாட்டியிருக்கும். பெடலை ஒரு தரம் மிதித்ததற்கு மெஷின் இரண்டு தரம் அடித்திருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அதையும் எழுதி வையுங்கள்.

வேலைக்குத் திரும்பினால், கையை வைக்கும் முன் டையை வெறுமையாக விட்டு ஒரு பட்டனை மட்டும் அமுக்கிப் பாருங்கள். ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இறங்கினால் அந்த மெஷினில் நிற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போகட்டும்.