தோட்டத்து வேலைக்கு எல்லை எழுதுவது எப்படி?

குடிநீர், வாசிகசாலை, பாலர் பாடசாலைக் கூரை என்று எந்த வேலையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் எல்லையை, அதாவது அதில் எது உண்டு, எது இல்லை என்பதை எழுதிவிடுங்கள். ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஊற்றுத் தண்ணீரை லயன்களுக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு) கொண்டுவந்தபோது செய்ததையே சொல்கிறேன். பணம் திரட்டுவது, தோட்டத்துத் துரையிடம் அனுமதி எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில், கடைசியில் என்ன கிடைக்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பது" என்று எழுதினால் அதற்குள் எல்லாமே அடங்கிவிடும். "ஊற்றடியில் ஒரு தாங்கி, அங்கிருந்து மெயின் பைப், லயனுக்கு இரண்டு பீலி (தண்ணீர்க் குழாய்)" என்றால் வேலை முடிந்ததா என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்புறம் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: தாங்கி கட்டுவது, பைப் புதைக்கக் கான் வெட்டுவது, பைப் போடுவது, பீலி பொருத்துவது, தண்ணீரைத் திறந்து கசிவு பார்ப்பது. துண்டுகளைக் கூட்டினால் முழு வேலையும் வரவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முகாமைத்துவத்தில் இதை நூறு வீத விதி என்பார்கள்.

இனி வருவதுதான் சிக்கலான இடம். எது இந்த வேலையில் இல்லை என்று எழுத வேண்டும். வீட்டுக்குள் பைப் இழுப்பது இல்லை, குளிக்கும் இடம் இல்லை, கோவிலுக்குத் தனி லைன் இல்லை. கோவில் தலைவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதை வாசிக்க வாய் வராது, முகதாட்சண்யம் தடுக்கும். ஆனாலும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள், ஏனென்றால் எழுதாமல் விட்டதை ஆளாளுக்குத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார்கள்.

கான் வெட்டும்போது ஒரு பெரியப்பா வந்து "அப்படியே இங்கயும் ஒரு பீலி வச்சிடு தம்பி" என்பார். அந்த இடத்திலேயே தலையாட்டாதீர்கள். "கொப்பியில எழுதிக்கிறேன் பெரியப்பா, கமிட்டியில பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன கேட்கிறார், எவ்வளவு செலவு, எத்தனை நாள், யாருக்குக் குறையும். நான்காவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மேட்டிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில், பள்ளத்து லயனில் பீலி கூடினால் காலையில் எல்லாரும் திறக்கும் நேரத்தில் மேட்டு லயனில் நூலாகத்தான் ஒழுகும். அதனால் மேட்டு லயன்காரர் ஒருவர் இல்லாமல் அந்த முடிவை எடுக்காதீர்கள். நாளும் முக்கியம்: மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், சரிவில் திறந்து கிடக்கும் கானில் மண் இறங்கும்.

இதற்கெல்லாம் சீ.ஆர். கொப்பிதான் (கெட்டி அட்டை போட்ட கோடிட்ட கொப்பி) நல்லது, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கலாம். கூகுள் ஷீட்டைக் கணக்குக்கு மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் முடிவெடுக்கவே வேண்டாம், நாலு காலை வணக்கம் வந்தால் முடிவு மேலே போய்விடும்.

பிறகு சேர்த்தது: கோரிக்கைகள் குவிந்தால் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். 1994இல் மென்பொருள் வேலைகளுக்காக டாய் கிளெக் என்பவர் வகுத்த மாஸ்கோ (MoSCoW) முறை போதும், கோரிக்கைகளை நான்காகப் பிரிக்கும் முறை அது: கட்டாயம் வேண்டும், வேண்டும், முடிந்தால் செய்யலாம், இந்தமுறை இல்லை. பணம் கொடுத்தவரே கூடுதலாகக் கேட்டாலும் அதே கொப்பிதான். கூடுதல் செலவையும் புதிய முடிவுத் தேதியையும் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகு மேசன் பாஸிடம் சொல்லுங்கள்.