எறும்பை வரையச் சொல்லுங்கள்: ஓவியத்தின் வழியாகக் குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்ட ஒரு செய்முறை

குழந்தைக்கு இயற்கை மேல் ஆர்வம் வரவேண்டும் என்று நினைக்கிற பெரியவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான், பெயர் சொல்லித் தருவது. இது மைனா, இது வண்ணத்துப்பூச்சி, இது ஆலமரம். குழந்தையும் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடும், பெயர் தெரிந்துவிட்டால் அந்த விஷயமே முடிந்துபோனது போல. அதையே வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கோடு போட்டதும் பென்சில் நிற்கும். இறக்கை எங்கே தொடங்குகிறது? கால் எந்தப் பக்கம் மடங்குகிறது? தினமும் பார்க்கிற ஒன்றுதான், ஆனாலும் கை நகராது. அப்படிக் கை நிற்கிற இடத்தில் வருகிற கேள்வி குழந்தையின் சொந்தக் கேள்வி, நாம் திணித்தது கிடையாது.

கீழே உள்ள செய்முறைகள் எல்லாமே அந்த இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகத்தான். பாடம் நடத்தி முடித்துவிட்டுப் படத்துக்குக் கலர் அடிக்கச் சொல்வது வேறு, அதில் கவனிக்க வேண்டிய அவசியமே வராது. இங்கே வரைவதுதான் பரிசோதனை. உங்களுக்கு வரையத் தெரியாது என்றால் இன்னும் நல்லது, குழந்தை உங்கள் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காது.

தேவையானவை

கோடு போடாத நோட்டு, பென்சில், நாலைந்து கிரேயான், ஒரு லென்ஸ் (விளையாட்டுச் சாமான் தரத்தில் இருந்தாலும் போதும்), மூடியுள்ள கண்ணாடி பாட்டில், டார்ச். ரப்பரை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். முதலில் போட்ட தப்பான கோடு அழியாமல் இருந்தால்தான் பார்த்த பிறகு எது மாறியது என்று தாளிலேயே தெரியும். ஆராய்ச்சிக் கூடக் குறிப்பேடுகளிலும் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுவார்கள்.

படி 1: பார்க்காமல் ஓர் எறும்பு

நோட்டின் இடது பக்கத்தில் எறும்பை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பெரிதாக, பக்கம் நிறைய. நீங்களும் உங்கள் தாளில் வரையுங்கள், ஆனால் காட்டாதீர்கள். பெரும்பாலும் என்ன வரும் என்றால் இரண்டு அல்லது மூன்று உருண்டை, உடம்பு முழுக்கப் பரவி நிற்கும் கால்கள், நாலோ எட்டோ, சிரிக்கிற வாய். சிரிக்கட்டும், எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்போது ஓர் எறும்பைப் பிடித்து, ஒரு துளி சர்க்கரையோடு பாட்டிலில் விடுங்கள். கடிக்காத வகையாகப் பார்த்து எடுங்கள், சின்னக் குழந்தை என்றால் பாட்டிலை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வழியாகப் பார்த்து வலது பக்கத்தில் மறுபடி வரைய வேண்டும். ஐந்து நிமிடம் போனதும், "இந்தக் கால் எங்கிருந்து வருது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆறு கால்களும் நடுப்பகுதியிலிருந்துதான் புறப்படுகின்றன. தலையிலும் கிடையாது, வயிற்றிலும் கிடையாது. இதை நீங்கள் சொல்லிவிட்டால் அது ஒரு தகவல், அவ்வளவுதான். குழந்தை தானாகக் கண்டுபிடித்தால் அன்று முழுக்க வீட்டில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்து உணர்கொம்பு. அது நேராக நீட்டியிருக்காது, நம் முழங்கை போல ஓரிடத்தில் மடங்கியிருக்கும். நடுப்பகுதிக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கிற ஒல்லியான இடுப்பை மட்டும் தனியாகப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். அங்கே ஒரு சின்ன முடிச்சு இருக்கும், சில எறும்புகளில் இரண்டு முடிச்சு. எறும்புகளை வகைப்படுத்தும் ஆய்வாளர்கள் முதலில் பார்க்கிற அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆக, கவனமாக வரைகிற ஏழு வயதுக் குழந்தை "இந்த எறும்புக்கு ஒண்ணு, அந்த எறும்புக்கு ரெண்டு" என்று சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை, வகைப்பாட்டியலின் உண்மையான வேலை.

முடிந்ததும் எறும்பைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் தேதி, நேரம், அப்புறம் எறும்பின் உண்மையான நீளத்துக்கு ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு இல்லையென்றால் பக்கம் நிறைய இருக்கிற எறும்பு எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது.

படி 2: இலையைத் தேய்த்து எடுப்பது

இது பலருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை இலையை நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே வருமாறு வைத்து, மெல்லிய தாளால் மூடி, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் தாளில் எழும்பி வரும். புல் அல்லது மூங்கில் இலை ஒன்று, செம்பருத்தி அல்லது அரசமர இலை ஒன்று என்று எடுத்தால் ஒன்றில் நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும், மற்றதில் வலையாகப் பின்னியிருக்கும். ஒருவித்திலை, இருவித்திலை என்று பாடப் புத்தகத்தில் வரும் செடி வகைகளைப் பிரித்தறிய இந்த வேறுபாடும் ஓர் அடையாளம், ஆனால் அந்தப் பெயர்களுக்கு இப்போது அவசரம் இல்லை.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்குப் பிடித்த பகுதியே இதற்கு அப்புறம்தான். புழு தின்று ஓட்டை விழுந்த இலை ஒன்றைத் தேடி எடுத்து அதையும் தேய்த்து எடுங்கள். நீலப் பென்சிலைக் கொடுத்து, காம்பிலிருந்து கிளம்பும் தண்ணீர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நுனிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நரம்பு வழியாகவே கோடு போடச் சொல்லுங்கள். வலைப்பின்னல் இருக்கிற இலையில் சுற்றிப் போக வழி இருக்கும், குழந்தை இரண்டு மூன்று வழி கண்டுபிடிக்கும். வலை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அந்த நீலக் கோட்டிலேயே இருக்கிறது. அதே நரம்புகள் இலை தயாரிக்கும் சர்க்கரையை எதிர்ப்பக்கமாகக் கொண்டு வரவும் செய்கின்றன, அதற்கு வேறு நிறத்தில் கோடு போடலாம்.

படி 3: நிறம் மாறும் பூ மை

எல்லாவற்றிலும் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நீலச் சங்குப்பூ ஒரு கைப்பிடி, சிவப்புச் செம்பருத்தி இதழ் ஒரு கைப்பிடி, இரண்டையும் தனித்தனி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள் (இது பெரியவர் வேலை). கால் மணி நேரத்தில் இதழ் வெளுத்து நிறம் தண்ணீரில் இறங்கிவிடும். வடிகட்டினால் மை தயார். தண்ணீர் அதிகமானால் மை வெளிறிப்போகும், அதனால் குறைவாகவே ஊற்றுங்கள். இன்னும் இரண்டு கிண்ணம் வேண்டும், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மற்றதில் கால் டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா. கிண்ணத்துக்கு ஒரு பிரஷ், மாற்றிப் போட்டால் குழப்பம்தான்.

தடிமனான தாளில் பூ மையை அகலமாகப் பூசி, ஈரம் பாதி காயும்வரை விடுங்கள். அதற்குள் குழந்தை ஒரு வேலை செய்ய வேண்டும், எலுமிச்சை பட்டால் என்ன நிறம் வரும், சோடா பட்டால் என்ன வரும் என்று தன் ஊகத்தைக் கிரேயானால் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுத் தீட்டி வைக்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். ஊகம் இல்லாமல் செய்தால் மேஜிக் பார்த்த மாதிரி ஆகிவிடும், ஊகித்துவிட்டால் தன் ஊகம் சரியா என்று பார்க்கும் பதற்றம் வந்துவிடும்.

பிறகு பிரஷால் தொட்டு வைக்கட்டும். சங்குப்பூ நீலம் எலுமிச்சை பட்ட இடத்தில் ஊதாவாகி இளஞ்சிவப்புப் பக்கம் நகரும், சோடா பட்ட இடத்தில் பச்சை கலந்த நீலமாகும். செம்பருத்தி மை அமிலத்தில் பளீரென்று சிவக்கும், காரத்தில் பச்சைப் பக்கம் போகும். தாளின் தன்மைக்கும் மையின் அடர்த்திக்கும் ஏற்ப நிறம் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அதுவும் நோட்டில் எழுத வேண்டிய விஷயம்தான். காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலத்திலும் காரத்திலும் அதன் மூலக்கூறு வடிவம் மாறுகிறது, வடிவம் மாறினால் அது உறிஞ்சும் ஒளியும் மாறிவிடுகிறது. நிறம் மாறும் விதம் கைவந்த பிறகு குழந்தை இதை வைத்தே வானமும் கடலும் வரையத் தொடங்கிவிடும், தடுக்காதீர்கள்.

அடுத்த நாள் காகிதப்பூவைக் கொடுங்கள். அதுவும் அடர்ந்த நிறம்தான், அதிலும் மை இறங்கும், ஆனால் எலுமிச்சைக்கும் சமையல் சோடாவுக்கும் அது அப்படி மாறிக் காட்டாது. எல்லாப் பூவும் ஒன்று என்று குழந்தை முடிவுகட்டிய நேரத்தில் இது வந்தால்தான் சுவாரசியம். காகிதப்பூவில் இருப்பது பீட்டாலெயின் என்ற வேறு நிறமி, பீட்ரூட்டில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். ஒரே செடியில் ஆந்தோசயனினும் பீட்டாலெயினும் சேர்ந்து இருப்பதில்லை. இன்னொன்று, காகிதப்பூவில் நிறமாக இருப்பவை இதழ்களே இல்லை, பூவைச் சுற்றி இருக்கும் இலைகள். நடுவில் வெளிர் நிறத்தில் குழல் மாதிரி நிற்கும் குட்டிதான் பூ. வரையச் சொன்னால் அதைக் குழந்தையே பார்த்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. தெரியாத பூவைப் பறித்து மை எடுக்க வேண்டாம், அரளி போன்றவை விஷம். முடிந்ததும் கை கழுவ வேண்டும், மை எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் நக்கிப் பார்க்கக் கூடாது.

படி 4: கசக்கிய தாளில் ஒரு நிலா

ஒரு வெள்ளைத் தாளைக் கசக்கி, பாதி பிரித்து, இருட்டறையில் மேசை மேல் வையுங்கள். டார்ச்சை மேசையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். விதி ஒன்றே ஒன்று, வெளிக்கோடு போடக் கூடாது, நிழலை மட்டும் தீட்ட வேண்டும். வரைந்து முடித்ததும் டார்ச்சைத் தலைக்கு மேலே கொண்டு போங்கள். நிழல் காணாமல் போய்த் தாள் தட்டையாகிவிடும்.

1609-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தார். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு கோணல்மாணலாக இருப்பதை வரைந்தாரே தவிர, அது மலையின் நிழல் என்று அந்தப் படத்தில் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து இத்தாலியில் கலிலியோ பார்த்தார். அவருக்கு ஓவியப் பயிற்சி உண்டு, நிழலை வைத்து மேடு பள்ளத்தைக் காட்டும் வித்தை தெரிந்தவர். அவர் வரைந்தது மலைகளும் பள்ளங்களும் உள்ள நிலா. கலிலியோவின் தொலைநோக்கி இன்னும் சக்தி வாய்ந்தது என்பதும் உண்மைதான், எல்லாவற்றையும் ஓவியத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் கலிலியோவின் படங்கள் வெளியான பிறகு 1610-ல் ஹாரியட் வரைந்த நிலவில் பள்ளங்கள் வந்துவிட்டன.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அரைநிலா நாளில் ஒரு பைனாகுலர் கிடைத்தால் காட்டுங்கள். இருட்டும் வெளிச்சமும் சேரும் எல்லையில்தான் நிழல் நீளமாக விழும், பள்ளங்கள் அங்கேதான் தெளிவாகத் தெரியும். முழுநிலவு அன்று காட்டினால் டார்ச்சைத் தலைக்கு மேல் பிடித்த கதைதான். குழந்தையே அதைச் சொல்லும்.

படி 5: ஒரே பக்கத்தில் ஒரு முழு வாழ்க்கை

இலையில் கம்பளிப்பூச்சி அல்லாத, முடி இல்லாத புழு ஒன்று கிடைத்தால் அந்தச் செடியின் கொப்போடு எடுத்து வலை மூடிய டப்பாவில் வையுங்கள் (முடி உள்ளவை தொட்டால் அரிக்கும்). தினமும் அதே செடியின் புது இலை கொடுக்க வேண்டும், வேறு இலை போட்டால் பட்டினி கிடக்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில், புழுவையும் அது தின்ற இலையின் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையட்டும். தோலுரித்த நாள், சாப்பிடாமல் சுற்றிச் சுற்றி அலைந்த நாள், கூட்டுப்புழுவான நாள் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே.

பூச்சியை அது தின்னும் செடியோடு, முட்டை முதல் இறக்கை வரை ஒரே தாளில் காட்டியவர் மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானிய ஓவியர். 1647-ல் பிறந்தவர், 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தவர், 1699-ல் தன் மகளோடு கப்பலேறி தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாம் வரைக்கும் போய்ப் பூச்சிகளை வரைந்தவர். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தானாக உண்டாகின்றன என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. பொறுமையாகப் புழு வளர்த்து வரைந்த பக்கங்கள் அதற்கு எதிரான சாட்சியாக நின்றன.

புழு கிடைக்கவில்லையா, ஒரு மொட்டு போதும். மொட்டுக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டால் மறுநாள் குழப்பம் வராது.

இடையில் நீங்கள் என்ன பேசுவது

"ரொம்ப அழகா இருக்கு" என்பதைக் கூடியவரை விட்டுவிடுங்கள். அழகு என்று பாராட்டினால் அடுத்த முறை குழந்தை அழகாக வரையப் பார்க்கும், அங்கே இருப்பதை வரையாது, எறும்புக்கு மறுபடி சிரிப்பு வந்துவிடும். "இந்தப் புள்ளி எங்க இருந்துச்சு? எனக்கும் காட்டு" என்று கேட்டால் இரண்டு பேரும் திரும்ப லென்ஸுக்குப் போவீர்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குழந்தையின் கையெழுத்திலேயே எழுத வையுங்கள், உடனே தேடிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாலு ஐந்து வயதுக் குழந்தைக்கு இலையும் பூ மையும் போதும், எறும்பின் இடுப்பு முடிச்செல்லாம் ஏழெட்டு வயதுக்கு மேல். பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், பிடித்து உட்காரவைக்காதீர்கள்.

அப்புறம் செல்போன். போட்டோ எடுக்கலாம், ஆனால் வரைந்து முடித்த பிறகு எடுங்கள், பெரிதாக்கிப் பார்த்து எதை விட்டுவிட்டோம் என்று ஒப்பிட உதவும். முதலிலேயே எடுத்துவிட்டால் குழந்தை போட்டோவைப் பார்த்துத்தான் வரையும், போட்டோவில் எறும்பு நகராது, மறுபக்கம் திரும்பிக் காட்டவும் காட்டாது.