பெட்ரோல் முள் பொய் சொன்னால்

பழைய கார் பிரியர்கள் முள் ஆடியதுமே மீட்டரைக் கழற்றுகிறார்கள். வேண்டாம். முதலில் டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் மிதவை யூனிட்டின் எர்த் வயரைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். அப்புறமும் சரியாகவில்லையா? சாவியை அணைத்து, யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் சிக்னல் வயரை யூனிட்டிலிருந்து கழற்றி கார் பாடியில் இறுக்கமாகப் பொருத்திவிட்டு, பிறகு ஒரு நொடி சாவியைப் போடுங்கள். பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி கூடாது, அதற்குத்தான் இந்த வரிசை. முள் ஒரு முனைக்கு ஓடினால் மீட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு யூனிட்டில்தான். அதைக் கழற்றி, பித்தளை மிதவையைக் காதருகே குலுக்குங்கள். சலசலத்தால் ஓட்டை, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது.

பழமுதிர்சோலை ஏற்றத்தில் முள் காட்டுவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அழகர்கோவில் அடிவாரத்தில், சமதளத்தில் நிறுத்தித்தான் பார்ப்பேன்.