சந்தை, திருவை, கனம்: வேத பாடசாலையில் ஒரு பாடம் ஏறும் விதம்

பையன் ஏன் குருவின் வீட்டிலேயே தங்க வேண்டும், காலையில் வந்து மாலையில் போனால் ஆகாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பாடம் சொல்லும் முறையைப் பார்த்தால் விடை தானாகத் தெரியும். காலையில் சொன்ன பாடம் இருட்டுவதற்குள் இன்னும் மூன்று தடவையாவது குருவின் காதில் விழுந்தாக வேண்டும். ஒரு பிழையோடு பையன் தூங்கப் போனால், மறுநாள் காலையில் அந்தப் பிழைதான் பாடம். அதைத் தேய்த்து அழிக்க, புதிதாகக் கற்பதைவிடப் பல மடங்கு உழைப்பு வேண்டும். குருகுலவாசம் என்பதில் பணிவிடை, ஒழுக்கம் எல்லாம் உண்டு. ஆனால் அதன் முதுகெலும்பு, நாள் முழுதும் கேட்டுத் திருத்த ஒரு காது பக்கத்தில் இருப்பதுதான்.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் அதிகம் ஓதப்படும் கிருஷ்ண யஜுர் வேதம், தைத்திரீய சாகையை (வேதக் கிளையை) ஒட்டிய வழிமுறை. புதிதாகப் பாடம் சொல்லத் தொடங்கும் அத்யாபகர்களுக்கும் (வேத ஆசிரியர்களுக்கும்), உபநயனம் முடித்து 7, 8 வயதில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

முதலில் கணக்கு

மொத்தப் பாடம் 82 பன்னம் (பிரச்னம், அதாவது அத்தியாயம் போன்ற பிரிவு). வேதத்தின் மூன்று பகுதிகளில் ஸம்ஹிதை 44, பிராமணம் 28, ஆரண்யகம் 10. ஸம்ஹிதை 7 காண்டம், 651 அனுவாகம் (பன்னத்தின் உட்பிரிவு), 2,198 பஞ்சாதி. பஞ்சாதி என்றால் 50 சொல் கொண்ட ஒரு துண்டு. அனுவாகத்தின் கடைசியில் மிஞ்சுவது கூடவோ குறையவோ இருக்கும்.

இனி நாள் கணக்கு. பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி அல்லது அமாவாசை என்று பட்சத்துக்கு நான்கு நாள் அனத்யயனம் (வேதம் ஓதாத நாள்), புதுப் பாடம் கிடையாது. மாதத்தில் 22 நாள்தான் கைக்கு வரும். பண்டிகை, விடுமுறை எதையும் கழிக்காமலே வருடத்துக்கு 264 நாள். நாளுக்கு ஒரு பஞ்சாதி என்றே போனால் ஸம்ஹிதை மட்டும் முடிய 8 வருடத்துக்கு மேலாகும். அதனால் முதல் வருடம் நாளுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ, இரண்டாம் வருடம் இரண்டு, அதன் பிறகு மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முதல் வருடத்திலேயே மூன்று சொல்லிக் கொடுத்து வேகம் காட்டும் இடங்களில் நான்காம் வருடம் பழைய பாடம் எல்லாம் ஆட்டம் காணும். முதல் வருடம் நாக்கைப் பழக்கத்தான். பாடத்தின் அளவு அப்போது முக்கியமே இல்லை.

அனத்யயன நாள்களை வீணாக்க வேண்டாம். வேதம் சொல்லக் கூடாதே தவிர சப்தரூபங்கள் (ஸம்ஸ்கிருதச் சொல் வேற்றுமை வடிவங்கள்), அமரகோசம் என்ற ஸம்ஸ்கிருத நிகண்டு, கையெழுத்து, கணக்கு எல்லாம் அன்றைக்குத்தான் வசதி. துணி துவைப்பது, அறை கழுவுவது, வீட்டுக்குப் பேசுவது எல்லாவற்றையும் அந்த நாளில் வைத்தால் பாட நாள் சிதறாது.

சந்தை

குரு ஒரு முறை சொல்வார், பையன் இரண்டு முறை திருப்பிச் சொல்வான். இதுதான் சந்தை. நாலாயிர திவ்வியப் பிரபந்தம் கற்பவர்களும் இதே பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள்.

முதல் சுற்றில் ஒரு சொல், அல்லது பிரிக்க முடியாத இரண்டு சொல். இரண்டாம் சுற்றில் அரை வாக்கியம். மூன்றாவதில் முழு வாக்கியம். கடைசியில் பஞ்சாதி முழுவதும். மூச்சு எங்கே விட வேண்டும் என்பதைக் குரு தன் மூச்சாலேயே காட்ட வேண்டும், வாயால் விளக்கக் கூடாது. குரு கண்ட இடத்தில் மூச்சு வாங்கினால் பையன் ஆயுள் முழுதும் அங்கேதான் நிறுத்துவான்.

ஒரு சந்தைக்கு நான்கு முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் பலவீனமான குரல் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒளிபவன் வாயசைவு சரியாக இருக்கும், கடைசி அசையை மட்டும் எல்லோரோடும் சேர்ந்து உரக்கச் சொல்வான். ஆகவே ஒவ்வொரு பஞ்சாதியின் முடிவிலும் ஒவ்வொருவனையும் தனியாகச் சொல்ல வைக்க வேண்டும், ஒரே ஒரு வாக்கியமாவது.

குருவின் சுருதி பையனின் தொண்டைக்கு எட்ட வேண்டும். வளர்ந்த ஆணின் கீழ்ச் சுருதியில் சொல்லிக்கொண்டே போனால் சிறுவன் முனகத் தொடங்குவான். முனகலில் எழுத்து உடையும்.

புத்தகம் சந்தையில் கூடாது. திருவை, அதாவது உருப்போடுவது, பாதி முடிந்த பிறகு பார்க்கலாம். தமிழ் எழுத்தில் அச்சான புத்தகங்களில் க, க², க³, க⁴ என்று எண் போட்டு நான்கு ஒலியையும் காட்டியிருப்பார்கள். வேகமாகப் படிக்கும்போது கண் எழுத்தைப் பிடிக்கும், எண்ணை விட்டுவிடும். காதில் ஏறிய பிறகு பார்த்தால் எண் இல்லாமலே ஒலி சரியாக வரும்.

தமிழ் நாக்கு செய்யும் பிழைகள்

இங்கேதான் அத்யாபகர் அதிக நேரம் செலவிட வேண்டும். பையனின் கவனக் குறைவு என்று நினைத்து அதட்டிப் பயனில்லை. தாய்மொழி பழக்கிய நாக்கு தன் வழியில் போகிறது, அவ்வளவுதான்.

தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் ‘தத்’ என்பது ‘தத்து’ ஆகும், ‘வாக்’ என்பது ‘வாக்கு’ ஆகும். இதைத் திருத்த, அந்த மெய்யில் நாக்கை ஒட்டவைத்து ஒரு நொடி நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு அடுத்த சொல். தனியே ‘உ’ சேர்க்காதே என்று சொன்னால் இன்னும் அழுத்தமாகச் சேர்ப்பான்.

தமிழில் எகர ஒகரக் குறில் உண்டு, ஸம்ஸ்கிருதத்தில் இல்லை. அங்கே ஏ, ஓ எப்போதும் நெடில், இரண்டு மாத்திரை. அவசரத்தில் நம் பிள்ளைகள் ‘தேவ’ என்பதைக் குறுக்கிவிடுவார்கள். நேர் எதிராக, வாக்கியக் கடைசியில் வரும் குறிலை இழுத்து நெடிலாக்குவார்கள். முன்னதை விரலால் இரண்டு தட்டித் திருத்தலாம். பின்னதுக்கு, அந்த அசையோடு வாயை உடனே மூடப் பழக்க வேண்டும்.

சொல்லின் முதலில் வரும் ஏகாரத்துக்கு முன்னால் ஒரு யகரமும் ஓகாரத்துக்கு முன்னால் ஒரு வகரமும் ஒட்டிக்கொள்ளும். ‘ஏக’ என்பது ‘யேக’, ‘ஓம்’ என்பது ‘வோம்’. நம் பேச்சு வழக்கில் இது இயல்பு என்பதால் பெற்றோர் காதுக்குப் பிழையாகவே படாது.

ஶ, ஷ, ஸ மூன்றையும் ஒன்றாக்குவது, மூச்சொலியோடு வர வேண்டிய க², க⁴ போன்றவற்றை மூச்சில்லாமல் சொல்வது ஆகிய இரண்டும் முதல் ஆறு மாதத்தில் திருந்தவில்லை என்றால் பிறகு திருந்துவது அரிது. மூச்சொலிக்கு உள்ளங்கையை வாய்க்கு முன் பிடிக்கச் சொல்லுங்கள். காற்று படுகிறதா என்பதைப் பையன் தானே அறிந்துகொள்வான். யஜுர் வேதத்துக்கே உரிய இன்னொன்று: ஶ, ஷ, ஸ, ஹ, ர ஆகியவற்றுக்கு முன் வரும் அனுஸ்வாரத்தில் (மூக்கொலி ‘ம்’மில்) ககர ஒலி எழும். ‘துஷ்டுவாகும்ஸஸ்தனூபி:’ என்று எல்லோரும் கேட்டிருக்கும் இடம் அதற்கு நல்ல உதாரணம். தனியாக விதி சொல்லாமல் இந்த ஓர் இடத்தை நன்றாகப் பழக்கிவிட்டால் மற்ற இடங்களில் காதே காட்டிக்கொடுக்கும்.

ஸ்வரம்

ஸ்வரம் என்பது ஓதும்போது குரலின் ஏற்ற இறக்கம். அச்சில் எழுத்துக்குக் கீழ்க்கோடு அனுதாத்தம், மேலே நிற்கும் கோடு ஸ்வரிதம், இரட்டைக் கோடு தீர்க்க ஸ்வரிதம், கோடில்லாதது பெரும்பாலும் உதாத்தம். ஒலியில் முறையே கீழே, மேலே, மேலே நீண்டு, சமமாக. கேரளத்து நம்பூதிரி மரபில் ஆசிரியர் பையனின் தலையைப் பிடித்து ஸ்வரத்துக்கு ஏற்ப அசைத்துப் பழக்குவார். நம் பக்கம் கையை ஏற்றி இறக்கிக் காட்டினால் போதும். மூன்றாம் மாதத்துக்குள் அந்தக் கையையும் எடுத்துவிட வேண்டும். பாணினீய சிக்ஷை என்ற உச்சரிப்பு நூல் ஆறு பேரைக் கடைத்தரமாக ஓதுபவர் என்கிறது: பாட்டாக இழுப்பவன், அவசரப்படுபவன், தலையாட்டுபவன், எழுதியதைப் பார்த்துப் படிப்பவன், பொருள் தெரியாதவன், குரல் மெலிந்தவன். பாடசாலைச் சுவரில் எழுதிவைக்கத் தகுந்த பட்டியல் இது.

ஸ்வரம் தவறினால் என்ன ஆகும் என்று பையன் கேட்பான், கேட்க வேண்டும். இந்திரனைக் கொல்ல ஒருவன் பிறக்க வேண்டும் என்று தேவசிற்பி த்வஷ்டா ஹோமம் செய்தான். ‘இந்த்ரஶத்ரு’ என்ற சொல்லில் கடைசி அசையில் உதாத்தம் வைத்தால் ‘இந்திரனைக் கொல்பவன்’. அவன் முதல் அசையில் வைத்தான். ‘இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன்’ என்று ஆயிற்று. பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். இந்த வரலாறு ஸம்ஹிதையின் 2-ம் காண்டத்தில் பையன் ஓதப்போகும் பாடமாகவே வருகிறது.

திருவை

சந்தை முடிந்த பாடத்தை மாணவர்களே உருப்போடுவது திருவை. அன்றைய பஞ்சாதியைக் காலையிலேயே பத்து முறை, பகல் உணவுக்குப் பிறகு சிறிது ஓய்ந்து ஐந்து முறை, மாலை ஸந்தியாவந்தனம், ஸமிதாதானம் (பிரம்மசாரி அக்னியில் சமித்து இடுவது) முடித்த பிறகு விளக்கு இல்லாமல் மூன்று முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி மூன்றைக் குரு கேட்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலை நேற்றைய பாடம், அதற்குப் பிறகே இன்றைய சந்தை. நேற்றையது தடுக்கினால் இன்று புதுப் பாடம் இல்லை. இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

பத்து நாள் தினமும் திரும்பிய பஞ்சாதி, அதன் பிறகு அனுவாகத்தோடு சேர்ந்து வாரத்துக்கு இரு முறை வரட்டும். பன்னம் முடிந்தால் முழுப் பன்னமும் பட்சத்துக்கு ஒரு முறை. பழைய பாடத்துக்கு ஒதுக்கும் நேரம் வருடா வருடம் கூடும். ஐந்தாம் வருடத்தில் நாளின் பாதிக்கு மேல் அதற்கே போவது இயல்பு.

தடம் மாறுவதுதான் திருவையின் பெரிய நோய். ஒரே சொற்றொடர் இரண்டு அனுவாகங்களில் வரும். பையன் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கிவிடுவான். ஸம்ஹிதையில் வரும் ருத்ரத்தில் 2 முதல் 9 வரையான அனுவாகங்களில் ‘நமோ’, ‘நம:’ என்றே ஓடுவதால் அங்கே இது சகஜம். இரண்டு இடத்தையும் தனித்தனியாக உருப்போட்டால் நோய் தீராது. இரண்டையும் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றின் முன் வாக்கியத்தோடும் பின் வாக்கியத்தோடும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். பிரியும் அந்த ஒற்றைச் சொல்லில் சற்றே நின்று அழுத்தினால் பிடிபடும்.

ஏதாவது விட்டுப்போனதா என்று பார்க்க மரபே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அனுவாக முடிவில் ஒவ்வொரு ஐம்பதின் எல்லைச் சொல்லும் மிச்சச் சொல்லின் எண்ணிக்கையும் ஓதப்படும். முதல் அனுவாகத்துக்கு ‘இஷே த்ரிசத்வாரிம்ஶத்’, அதாவது ‘இஷே’ என்று தொடங்குவதில் 43 சொல். அதை அலங்காரமாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஐயம் வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்க்கத்தான் அது இருக்கிறது.

பதம் முதல் கனம் வரை

ஸம்ஹிதை உறுதியான பிறகே சொல் பிரித்த பதம், பிறகு, சொற்களை வரிசை எண்ணால் குறித்தால், 1-2, 2-3 என்று சங்கிலியாகப் போகும் கிரமம். ஜடையில் 1-2-2-1-1-2. கனத்தில் 1-2-2-1-1-2-3-3-2-1-1-2-3. முதல் மந்திரத்தின் ‘இஷே, த்வா’ இரண்டும் ஜடையில் ‘இஷே த்வா த்வேஷ இஷே த்வா’ ஆகும். அடுத்த சொல் ‘ஊர்ஜே’ சேர்ந்தால் கனம்: ‘இஷே த்வா த்வேஷ இஷே த்வோர்ஜ ஊர்ஜே த்வேஷ இஷே த்வோர்ஜே’.

தலைகீழ் வரிசைக்குப் பொருள் கிடையாது, ஆகவே பொருளைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. ஸந்தியும் புதிது, ஸ்வரமும் மாறும். ஒரு சொல் நழுவினால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். பாடம் ஆயிரக்கணக்கான வருடம் வாய்வழியே கெடாமல் வந்ததற்கு இந்தப் பூட்டுதான் காரணம். 50 சொல் தொடர்ந்து வந்தால் கனத்தில் அது 600-ஐத் தாண்டும். ஸந்தி விதி தெரியாமல் கனத்தை மனப்பாடமாக ஏற்ற முயல்வது வீண் வேலை. விதி தெரிந்தவனுக்கு அது தானாக உருவாகும்.

சாப்பாடும் சான்றிதழும்

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று 270 இளைய மாணவர், 70 மூத்த மாணவர், 14 ஆசிரியர் என்று எண்ணி, இளையவனுக்கு நாளுக்கு 6 நாழி நெல், மூத்தவனுக்கு ஒரு குறுணி 2 நாழி என்று அளந்துவைத்திருக்கிறது. பாடசாலை தொடங்க நினைப்பவர்கள் கட்டடத்துக்கு முன் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டும். எட்டு வருடம் சோறு நிச்சயமில்லாத இடத்தில் பையனைச் சேர்ப்பது பாவம்.

பள்ளிப் படிப்பு பற்றிக் கவலைப்படும் பெற்றோர், உஜ்ஜயினியில் உள்ள மகரிஷி சாந்தீபனி ராஷ்ட்ரிய வேத வித்யா பிரதிஷ்டானத்தின் வேதபூஷண், வேதவிபூஷண் தேர்வுகளை அந்தப் பாடசாலை நடத்துகிறதா என்று சேர்க்கும்போதே கேட்க வேண்டும். அவை முறையே 10-ம், 12-ம் வகுப்புக்கு ஈடாக வைக்கப்பட்டவை.

குரல் உடையும் வயதில், 13, 14-ல், சுருதியைக் குறையுங்கள். உரக்கச் சொல்லும் தடவையையும் குறைத்துக் கேட்பதைக் கூட்டுங்கள். அப்போது வற்புறுத்திக் கெட்ட தொண்டை பிறகு தேறுவது கடினம். கோடை விடுமுறை முடிந்து வரும் பையனுக்கு முதல் பத்து நாள் சந்தை வேண்டாம், வெறும் திருவைதான். வீட்டில் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒரு மாதம் கேட்டுத் திருத்த ஆளில்லாமல் சொல்லியிருக்கிறான். எந்தெந்த அசை வழுக்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் குருவுக்கு அந்தப் பத்து நாள் தேவை.