அஜைல் புராஜெக்ட்டில் ரிஸ்க் வந்தால் முதலில் செய்வதா, எழுதுவதா?

அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் முறை. 2001-ல் வெளியான அஜைல் கொள்கை அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கு முன்னுரிமை தந்தது. ஆவணமே வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. எதை உடனே செய்யலாம், எதை எழுதிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று குழு முன்பே பேசி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: ரிஸ்க்குக்கு ஒரு கார்டு

குழுவின் வேலைகளைக் கார்டுகளாக வைத்துப் பார்க்கும் அதே போர்டில் போடுங்கள். தனி எக்செல் கோப்பை இரண்டாவது ஸ்பிரிண்ட்டுக்கு (குறுகிய வேலைச் சுற்றுக்கு) பிறகு யாரும் திறப்பதில்லை. காரணம், நடக்கக்கூடியது, விளைவு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "பேமென்ட் ஏபிஐயின் பழைய பதிப்பை நிறுத்தப்போவதால் ஆர்டர்கள் தோல்வியடையலாம், வெளியீடு தள்ளிப்போகும்." (ஏபிஐ என்பது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு.) வெறுமனே "ஏபிஐ பிரச்சினை" என்று எழுதினால் அடுத்த மாதம் எழுதியவருக்கே புரியாது. கூடவே பொறுப்பாளர் ஒருவரின் பெயர் (குழுவின் பெயர் கூடாது), எதைப் பார்த்தால் உடனே இறங்க வேண்டும் என்ற அறிகுறி, மறுபடி பார்க்கும் தேதி.

படி 2: மதிப்பெண்

வாய்ப்பு 1–5, பாதிப்பு 1–5, இரண்டையும் பெருக்குங்கள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் இந்த ஸ்பிரிண்ட்டிலேயே வேலை, 8–12 என்றால் அடுத்த திட்டமிடலில், 6 வரை கண்காணிப்பு மட்டும். இதில் ஓர் ஓட்டை உண்டு: தரவு முழுதும் அழியும் ரிஸ்க்குக்கு வாய்ப்பு 1 என்றால் 5தான் வரும். எனவே பாதிப்பு 5 என்றாலே குறைந்தது நடு வரிசைக்கு (8–12) ஏற்றிவிடுங்கள்.

படி 3: திரும்பப் பெற முடியுமா?

இந்த முறையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். ஃபீச்சர் ஃபிளாகை (ஒரு வசதியை இயக்கவும் நிறுத்தவும் உதவும் சுவிட்சை) அணைப்பது, முந்தைய பதிப்புக்கு ரோல்பேக் செய்வது போன்றவற்றைப் பெரும்பாலும் எளிதில் மாற்றிவிடலாம். உடனே செய்யுங்கள், நேரத்தையும் செய்ததையும் கார்டில் ஒரு வரி போடுங்கள், போதும். தரவை நீக்குவது, டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவது, வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்புவது வேறு ரகம். அங்கே என்ன செய்யப்போகிறோம், ஏன், தவறினால் என்ன வழி என மூன்று வரி முதலில் எழுதி இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். அவசரம் என்று இந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிப்போகும்போதுதான் சின்னக் கோளாறு பெரிய இழப்பாகிறது.

படி 4: அன்றைக்கே அரைப்பக்கம்

ரிஸ்க்கைக் கையாண்ட அன்றே இவற்றை எழுதிவையுங்கள்: சூழல், எடுத்த முடிவு, கைவிட்ட மாற்றுவழிகள், பின்விளைவு. செய்தது புரோகிராம் கோடில் தெரியும். ஏன் செய்தோம் என்பது சாட்டில் புதைந்துபோகும். அதனால் முடிவு எடுத்த சாட் வரிகளைக் கார்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

படி 5: தினசரிக் கூட்டம்

15 நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒன்றே: எந்தக் கார்டின் அறிகுறியாவது தென்பட்டதா? விவாதம் பிறகு, சம்பந்தப்பட்டவர்களோடு மட்டும்.

தடுப்பு நடவடிக்கையைக் கார்டின் குறிப்பில் மட்டும் எழுதிவிட்டு பேக்லாகில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஸ்பிரிண்ட்டில் இடமில்லாத வேலை நடக்காது. "ஏற்றுக்கொண்டோம்" என்று மூடும் ரிஸ்க்கிலும் முடிவெடுத்தவர் பெயரும் காரணமும் இருக்கட்டும்.